தோல் சீவிய வேரா, சீவாத வேரா? இரண்டு பியோனி மருந்துகள்

பியோனி ஒரு பூச்செடி, அதன் வேர் சீன மருத்துவத்தில் மருந்து. ஆனால் பியோனி வேர் என்று மட்டும் கேட்டால் போதாது. வெள்ளையா, சிவப்பா என்ற கேள்வி உடனே வரும். வெள்ளைக்குப் பெயர் பை ஷாவ், சிவப்புக்கு ச்சி ஷாவ். பூவின் நிறத்தை வைத்து இப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பியோனியா லாக்டிஃப்ளோரா என்ற ஒரே செடியிலிருந்து இரண்டுமே கிடைக்கும்.

வித்தியாசம் விளையும் இடத்திலும் பக்குவப்படுத்தும் விதத்திலும் இருக்கிறது. வெள்ளை வேர் வயலில் விளைவது. அன்ஹுயி மாகாணத்தின் போட்ஜோ அதற்குப் பேர்போன ஊர். சில வருடங்கள் வளர்ந்த வேரைத் தோண்டி, வேகவைத்து, தோல் சீவிக் காயவைப்பார்கள். சிவப்பு வேரோ பெரும்பாலும் உள் மங்கோலியப் புல்வெளிகளிலும் சிச்சுவான் மலைகளிலும் தானாக வளர்ந்த செடியினுடையது. வேகவைப்பதில்லை, சீவுவதில்லை, தோலோடு அப்படியே உலர்த்துகிறார்கள். வெய்ச்சியை என்ற இன்னொரு காட்டு இனத்தின் வேரும் சிவப்பில் சேரும். இலையைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்: லாக்டிஃப்ளோராவின் சிற்றிலைகள் பெரும்பாலும் பிளவில்லாதவை, வெய்ச்சியையின் இலை ஆழமாகக் கிழிந்து குறுகலான மடல்களாக இருக்கும்.

சீனாவின் ஆதி மூலிகை நூல் இரண்டையும் பிரிக்கவில்லை. தாவ் ஹோங்ஜிங் என்ற சீன மூலிகை அறிஞரின் (456–536) காலத்தில்தான் வெள்ளை, சிவப்பு என்ற பேச்சு வருகிறது. அப்புறம் வேலையும் பிரிந்தது. வெள்ளை ரத்தத்தை ஊட்டும், இறுக்கத்தைத் தளர்த்தும் என்பது மரபு. கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டால் வெள்ளை வேரும் அதிமதுரமும் மட்டுமே சேர்ந்த கஷாயம். ஜப்பானில் இன்றும் இதைக் கொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கூட்டு இதுதான், இவ்வளவு எளிமையான மருந்து அபூர்வம். ஆனால் நாள்கணக்கில் குடிக்கக் கூடாது. அதிமதுரம் உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். சிவப்பு வேர் சூட்டைத் தணிக்க, தேங்கிய ரத்தத்தை நகர்த்த, அடிபட்ட வீக்கத்துக்கு. கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இரண்டிலும் முக்கியச் சத்து பியோனிஃப்ளோரின். சீன மருந்துத் தரநூல் வெள்ளைக்குக் குறைந்தது 1.6 சதவீதமும் சிவப்புக்கு 1.8 சதவீதமும் கேட்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து சிவப்பே உசத்தி என்று சொல்ல மாட்டேன். கவலைப்பட வேண்டியது கந்தகப் புகையைப் பற்றி. வேர் பளிச்சென்று தெரிய அதைப் போடுவார்கள், அப்போது பியோனிஃப்ளோரின் வேறு பொருளாக மாறிவிடும். சுண்ணாம்பு போல வெளுத்த வேரை வாங்காதீர்கள்.

சதைப்பிடிப்புக்கு வெள்ளைதான், யோசிக்கவே வேண்டாம். தேங்கிய ரத்தத்துக்கு வெள்ளை ஈடாகாது என்பதையும் மரபு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் காட்டில் வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். விதையிலிருந்து மறுபடி வளர்வதும் மெதுவாகத்தான்: முதல் இலையுதிர்காலத்தில் வேர் மட்டும் விடும், குளிர்காலம் கழிந்துதான் தளிர் வரும். பூக்க இன்னும் சில வருடங்கள். வயலில் விளைந்த சிவப்பு வேரும் இப்போது கிடைக்கிறது. சிவப்புதான் வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.