காட்டுத்தீ வரும்போது: வீட்டைக் காப்பதா, ஊரைக் காலி செய்வதா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பல ஆண்டுகளாக மக்களிடம் சொல்லி வந்தது இது: தயாராக இருந்தால் வீட்டிலேயே நின்று தீயை எதிர்கொள்ளுங்கள், இல்லையென்றால் முன்கூட்டியே கிளம்பிவிடுங்கள். முடிவு குடும்பத்தின் கையில். பறந்து வந்து விழும் தீப்பொறியை ஆள் இருந்தால் அணைத்துவிடலாம் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட தீயில் 173 பேர் இறந்தார்கள், அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள். அதன்பின்தான், மிக மோசமான நாட்களில் முந்தின இரவோ அதிகாலையிலோ வெளியேறிவிடுங்கள் என்று அரசு அழுத்திச் சொல்லத் தொடங்கியது.

கலிஃபோர்னியாவில் வெளியேறும் உத்தரவு அதிகாரிகளிடமிருந்து பகுதி பகுதியாக வரும். முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு இதுவே மேல். ஆனால் சாலை தாங்க வேண்டுமே! 2018 நவம்பர் 8 அன்று அங்குள்ள பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது, பகுதிவாரித் திட்டம் இருந்தும் எச்சரிக்கை பலரை எட்டவில்லை. சாலைகளில் கார்கள் நெருக்கியடித்து நின்றன. அந்தத் தீ 85 உயிர்களைக் கொண்டுபோனது, பெரும்பாலும் முதியவர்கள்.

என் தேர்வு வெளியேறுவதுதான். அதுவும் உத்தரவுக்குக் காத்திராமல், தீயைப் பரப்பும் பலத்த காற்று பற்றிய எச்சரிக்கை வந்ததுமே. நடக்க முடியாதவர்களை யார், எந்த வண்டியில் அழைத்துப்போவது என்பதை அரசு தீக்காலம் தொடங்கும் முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும்.