எல்லைப்புற நிலங்களின் தாய்ப்பத்திரம் தேட: ஜெனரல் லேண்ட் ஆபீஸ் ஆவணத் தளம் ஒரு மதிப்பீடு

அமெரிக்கக் குடியேற்றம் மேற்கு நோக்கி நகர்ந்த காலத்தில், ஒரு துண்டு நிலம் அரசிடமிருந்து முதன்முதலாக யார் கைக்குப் போனது? இந்தக் கேள்வியோடு வருபவர் முதலில் திறக்க வேண்டியது, பி.எல்.எம். என்ற மத்திய நில மேலாண்மைப் பணியகம் நடத்தும் ஜெனரல் லேண்ட் ஆபீஸ் (அதன் முன்னோடியான பழைய நில அலுவலகம்) ஆவண இணையதளத்தை. 1788 முதல் இன்றுவரையிலான 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மத்திய அரசு நில ஆவணங்கள் இதில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. பேட்டன்ட் எனப்படும் முதல் பட்டாவின் படத்தை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். இவ்வளவு பெரிய மூல ஆவணக் களஞ்சியம் இவ்வளவு எளிதாகக் கையில் கிடைப்பது அரிது. ஆனால் அதில் வரும் பெயரையும் தேதியையும் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசு நேரடியாக நிலம் விற்ற 30 மாநிலங்களுக்குத்தான் இந்தத் தளம். ஆதி 13 மாநிலங்கள், கென்டக்கி, டென்னசி, டெக்சாஸ் போன்றவை தங்கள் நிலத்தைத் தாங்களே வழங்கின. அவற்றுக்கு அந்தந்த மாநில ஆவணக் காப்பகத்தைத்தான் நாட வேண்டும். கென்டக்கியில் நிலத்தை மரம், ஓடை, பாறை என்று எல்லை சொல்லி எழுதினார்கள். ஒரே நிலத்தின் மேல் இரண்டு மூன்று பேருடைய உரிமை ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. வழக்குகள் தலைமுறை தாண்டி இழுத்தன.

அந்தக் குழப்பத்துக்கு மாற்றாகத்தான் 1785-ம் ஆண்டு நிலச் சட்டம் சதுர அளவை முறையைக் கொண்டுவந்தது. 6 மைல்களுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அளந்தது 66 அடி நீளச் சங்கிலியால். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். இந்தக் கணக்கு பிடிபட்டால் தளத்தில் பாதி வேலை முடிந்தது. பெயர் வைத்துத் தேடுவதைவிட நில விவரம் வைத்துத் தேடுவதே நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பல வடிவம் எடுக்கும். செக்‌ஷன் எண் மாறாது.

பெயரால்தான் தேட முடியும் என்றால் மாநிலமும் குடும்பப் பெயரும் மட்டும் கொடுங்கள், முதல் பெயரைக் காலியாக விடுங்கள். பட்டா பெற்றவர், வாரன்ட் (அரசு நிலம் பெறும் உரிமைச் சீட்டு) பெற்றவர் என இரண்டு தேர்வுகள் இருக்கும், இரண்டையும் பாருங்கள். 1847 முதல் 1855 வரையிலான சட்டங்கள் போர்வீரர்களுக்கு நில வாரன்ட் கொடுத்தன. 1852-க்குப் பிறகு அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பது சட்டப்படியே செல்லுபடியானது. அதனால் ஒரே பட்டாவில் இரண்டு பெயர் இருக்கும். காகிதத்தை விற்றுவிட்ட வீரர் அந்த நிலத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவர் அங்கே குடியிருந்தார் என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடாதீர்கள்.

நில விவரத்தைப் படிப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கன் இண்டியானாவில் வாங்கிய நிலம். இரண்டாம் முதன்மைத் தீர்க்கரேகை (அளவை தொடங்கும் வடக்கு-தெற்குக் கோடு), டவுன்ஷிப் 4 தெற்கு, ரேஞ்ச் (அந்தக் கோட்டிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எண்ணும் டவுன்ஷிப் நிரல்) 5 மேற்கு, செக்‌ஷன் 32, தென்மேற்குக் கால்பகுதியின் மேற்குப் பாதி. பட்டாவில் இது தலைகீழ் வரிசையில், சிறியதிலிருந்து பெரியதற்கு எழுதப்பட்டிருக்கும். கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள்: செக்‌ஷன் 640 ஏக்கர், அதில் கால் 160, அதில் பாதி 80. தீர்க்கரேகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லினாய் மாநிலத்தில் மூன்று தீர்க்கரேகைகள் வழியே அளந்திருக்கிறார்கள். ஒரே டவுன்ஷிப் எண் வேறு தீர்க்கரேகையின் கீழும் வரும். தவறினால் வேறு மூலைக்குப் போய்விடுவீர்கள். ஒஹையோவின் முதல் ஏழு ரேஞ்சுகளில் இன்னொரு பொறி உண்டு. அங்கே செக்‌ஷன் 1 தென்கிழக்கு மூலையில் தொடங்கி, 36 வடமேற்கில் முடியும். 1796 சட்டத்துக்குப் பின் 1 வடகிழக்கிலும் 36 தென்கிழக்கிலும் வந்தன.

லிங்கன் பட்டாவின் தேதி 1827. குடும்பம் 1827-ல் வந்தது என்று இதை வைத்து முடிவு கட்டினால் பத்தாண்டு பிசகும். அவர்கள் வந்தது 1816-ன் இறுதியில். 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் 160 ஏக்கருக்குப் பதிவு செய்தார் தாமஸ். அப்போதைய விலை ஏக்கருக்கு 2 டாலர், மொத்தம் 320. கால் பங்கான 80 டாலரை அந்த ஆண்டுக்குள் கட்டினார், மீதி தவணை. 1819 பொருளாதார நெருக்கடியில் தவணை கட்ட முடியாமல் ஆயிரக்கணக்கானோர் திணறியதால், 1820-ல் காங்கிரஸ் கடன் விற்பனையை நிறுத்தி விலையை 1.25 டாலராகவும், குறைந்த அளவை 80 ஏக்கராகவும் குறைத்தது. நிலத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து, கட்டிய பணத்தை மீதிக்கு வரவு வைத்துக்கொள்ள 1821-ல் தொடங்கிய நிவாரணச் சட்டங்கள் வழிவிட்டன. தாமஸ் கிழக்குப் பாதியை விட்டுக்கொடுத்தார். பட்டாவில் 80 ஏக்கர் மட்டும் தெரிவது அதனால்தான். இந்தக் கதை எதுவும் படத்தில் இருக்காது.

இன்னொரு பெரிய குறை: பணம் கட்டி முடித்தவர்கள், நிபந்தனையை நிறைவேற்றியவர்கள் மட்டுமே இதில் இருக்கிறார்கள். தவணை தவறி நிலத்தை இழந்தவருக்கும், குடியிருந்து பயிரிடுபவருக்கு நிலம் தந்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கருக்கு விண்ணப்பித்து ஐந்தாண்டு முடியும் முன் கைவிட்டவருக்கும் பட்டா இல்லை. ஆகவே தேடலில் பெயரும் வராது. அவர்களுக்கு டிராக்ட் புத்தகங்களை, அதாவது ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் நடந்த பதிவுகளைக் குறித்த பேரேடுகளைப் பார்க்க வேண்டும். பட்டா கிடைத்தவர்களுக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள நிலக் கோப்பை வரவழைப்பது நல்லது. ரொக்கக் கொள்முதல் கோப்பில் ரசீதைத் தாண்டி அதிகம் இருக்காது. ஹோம்ஸ்டெட் கோப்பில்தான் வீட்டின் அளவு, உழுத ஏக்கர், சாட்சிகளின் வாக்குமூலம், வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைச் சான்று எல்லாம் கிடைக்கும்.

கையெழுத்து விஷயத்திலும் ஏமாறக் கூடாது. படத்தில் இருப்பது அரசு வைத்துக்கொண்ட பதிவுப் பிரதி. அதில் குடியரசுத் தலைவரின் பெயரை எழுதியது எழுத்தர். வாங்கியவர் கைக்குப் போன அசலிலும்கூட, 1833 சட்டத்துக்குப் பிறகு அதற்கென நியமிக்கப்பட்ட செயலரே தலைவரின் பெயரில் கையெழுத்திட்டார். வீட்டுப் பெட்டியில் 1840-ம் ஆண்டு அசல் இருந்தாலும் அது தலைவரின் கைப்பட்டது அல்ல.

அளவை வரைபடங்கள் உள்ள பகுதியை அவசியம் திறந்து பாருங்கள். ஓடை, பாதை, புல்வெளி எல்லாம் குறித்திருப்பார்கள். அளவையாளரின் குறிப்பேடு கிடைத்தால் மூலைக்கல்லுக்குச் சாட்சியாகக் குறித்த மரத்தின் வகையும் பருமனும் தெரியும். பட்டாவில் 640-க்கு ஒத்துவராத ஏக்கர் வந்தால் பதற வேண்டாம். அளவைப் பிழையை டவுன்ஷிப்பின் வடக்கு, மேற்கு விளிம்புச் செக்‌ஷன்களில் தள்ளினார்கள்.

தளம் சொல்லாத இன்னொன்று, அரசுக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்பது. லிங்கன் வாங்கிய பகுதி 1804 வின்சென்ஸ் உடன்படிக்கைகளில் டெலவேர், பியாங்கிஷா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பெறப்பட்டது. பட்டாவை மட்டும் படிப்பவருக்கு அந்த நிலம் வெறுமையாகக் கிடந்ததாகவே தோன்றும். உடன்படிக்கை வாசகத்தைத் தனியே தேடி, பட்டாவின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பட்டாவுக்குப் பிறகு நடந்த கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எதுவும் இங்கே இல்லை. அவை கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். கவுன்டிகள் அடிக்கடி பிரிந்தன. கிரயம் நடந்த ஆண்டில் அந்தச் செக்‌ஷன் எந்தக் கவுன்டியில் இருந்தது என்று பார்த்துவிட்டு, அந்தக் கவுன்டியின் தலைமையகத்துக்கு எழுதுங்கள்.