குட்டைக் குடலுக்குத் தைராய்டு மாத்திரை: அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா?

மன்னார்குடிச் சித்தப்பாவுக்குக் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. சிறுகுடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ஒன்றரை மீட்டர்தான் மிச்சம் வைத்தார்கள். இரண்டு மீட்டருக்குக் குறைந்தாலே 'ஷார்ட் பவல்' கணக்கு. பத்து வருடமாகப் போட்டுவந்த 100 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை அதன்பின் போதவில்லை, டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் கூடும் அளவு) ஏறிக்கொண்டே வந்தது. இந்த மாத்திரையில் இருக்கும் ஹார்மோனான லெவோதைராக்சினை உறிஞ்சுவது சிறுகுடல்தான். முழுக் குடல் இருப்பவருக்கே விழுங்கியதில் 60 முதல் 80 சதவீதம்தான் உடம்பில் சேரும்.

அளவைக் கூட்டுவது சுலபம், செலவும் பெரிதாக இல்லை. பலருக்குக் கடைசியில் இதுதான் தேவைப்படும். ஆனால் குட்டைக் குடலில் உறிஞ்சல் ஒரே சீராக இருக்காது. இந்த வாரம் பேதி அடங்கும், அடுத்த வாரம் கூடும். ஹார்மோன் மிஞ்சினால் படபடப்பு வரும், குடல் இன்னும் வேகமாக ஓடும், எலும்பும் தேயும். கால்சியமும் வைட்டமின் டி-யும் ஏற்கெனவே ஒட்டாத உடம்பு அது.

அதனால் என் ஓட்டு முதலில் நேரத்துக்கு. சித்தப்பாவின் காலையைப் பாருங்கள்: ஐந்து மணிக்கு மாத்திரை, ஐந்தேகாலுக்கு டிகிரி காப்பி. (காப்பியை விடச் சொன்னால் மாத்திரையை விட்டுவிடுவார்.) காப்பி உறிஞ்சலைக் கெடுக்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அவர் எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியில் போட்டுவந்தார். இரவில் போட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், படுக்கப்போகும்போது போட்டவர்களுக்கு ஹார்மோன் அளவு மேம்பட்டது. ஆனால் அது குடல் வெட்டியவர்களைப் பற்றிய ஆய்வல்ல. இரவெல்லாம் குழாய்வழி உணவு ஏறுபவருக்கு இந்த வழி சரிப்படாது.

திரவ மருந்தும் உண்டு, இத்தாலியில் பழக்கம். மாத்திரை கரைய வயிற்று அமிலம் வேண்டும்; இவர்களோ பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போடுபவர்கள். திரவத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இல்லாத குடலை அது கொண்டுவந்துவிடாது. கும்பகோணத்தில் நான் கேட்ட கடைகளில் கிடைக்கவும் இல்லை.

இன்னொன்று: டி3 (இன்னொரு தைராய்டு ஹார்மோன்) மட்டும் குறைந்து டி.எஸ்.எச். சரியாக இருந்தால், அது உடம்பிலுள்ள வேறு நோயின் விளைவாகவோ செலினியம் குறைவாகவோ இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரையே பதில் அல்ல. வீட்டில் அயோடின் சேர்க்காத வேதாரண்யம் கல்லுப்பு என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சித்தப்பா இரவுக்கு மாறினார். ஏழு மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்கு மாத்திரை. கால்சியம் மதியத்துக்குப் போனது. ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். 11-லிருந்து 6-க்கு இறங்கியது, அதே 100 மைக்ரோகிராமில். மிச்சத்துக்கு 125 ஆக்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். காப்பி நேரம் மாறவில்லை.