மனநோயுள்ள திருட்டுக் கைதிக்கு இலவச மேல்முறையீடு: சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சேவை எப்படி?

வீடு புகுந்து திருடிய வழக்கில் மூன்றாவது, நான்காவது முறை தண்டனை வாங்கியவருக்குப் பெரும்பாலும் வக்கீல் வைக்கப் பணமும் இருக்காது, அலைய ஆளும் இருக்காது. அவருக்கு மனச்சிதைவு நோயும் இருந்தால், மேல்முறையீட்டுக்கான நாள் தெரியாமலே ஓடிவிடும். தமிழ்நாட்டில் அவருக்கு உள்ள வழி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. மனுவைத் தாக்கல் செய்ய இந்தச் சேவையை நம்பலாம். ஆனால் நோயை நீதிபதியின் கண்ணில் படவைக்கும் வேலை குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

சேருவது எளிது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. 15100-க்கு அழைக்கலாம், நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கும் போகலாம். கைதியே மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தாலும் போதும், அதை நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் கடமை (பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 424). தீர்ப்பு நகல் கைதிக்கு இலவசம். நடுவர் நீதிமன்றத் தண்டனை என்றால் அமர்வு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள், அமர்வு நீதிமன்றத் தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நாள் தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் கூடவே போக வேண்டும். சிறையில் மருந்தில் இருந்த நாட்களின் குறிப்பு அதற்கு நல்ல காரணம்.

சறுக்கும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. நியமிக்கப்படும் வழக்கறிஞர் கையில் விசாரணைக் கட்டு மட்டுமே இருக்கும். கீழ் நீதிமன்றத்தில் யாரும் நோயைப் பற்றிப் பேசாவிட்டால், அந்தக் கட்டில் ஒரு வரிகூட இருக்காது. மனநல மருத்துவமனையின் பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, சிறை மருத்துவரின் பதிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, கூடுதல் சான்றாக ஏற்கும்படி (பி.என்.எஸ்.எஸ். 432) மனு போடச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

“பைத்தியம், விடுதலை செய்யுங்கள்” என்ற ஒரே வாதத்தில் எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டாம். பி.என்.எஸ். எனப்படும் புதிய தண்டனைச் சட்டத்தின் 22-வது பிரிவின்படி மனநோயைக் காட்டி விடுதலை பெற, செய்வது இன்னதென்றோ தவறென்றோ அந்த நேரத்தில் புரியாத நிலை வேண்டும். நோய் இருந்தது என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. இரவில் பூட்டை உடைத்து, நகையை அடகு வைத்தவருக்கு அந்த விடுதலை கிடைப்பது அரிது. அதே நோயைத் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் மட்டுமே எதிர்க்க முடியும்.

பழைய தண்டனைகளைக் காட்டிக் கூட்டிய தண்டனையா? பி.என்.எஸ். 13-வது பிரிவு ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை இடம் கொடுக்கிறது. ஆனால் முந்தைய தண்டனையின் விவரம், நாள், இடம் குற்றச்சாட்டில் இருக்க வேண்டும், நிரூபிக்கவும்பட வேண்டும். நிலுவையில் உள்ள வழக்குகளின் பட்டியல் தண்டனைப் பட்டியல் ஆகாது. இதை வழக்கறிஞரிடம் கேட்டே தீர வேண்டும்.

அதைவிட அதிகம் விட்டுப்போவது இன்னொன்று. ஒருவருக்கு ஐந்து வழக்குகள், ஒவ்வொன்றிலும் 2 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே தண்டனையில் இருப்பவருக்கு அடுத்த தண்டனை வந்தால், ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று நீதிபதி எழுதாதவரை அது முந்தையது முடிந்த பிறகே தொடங்கும் (பி.என்.எஸ்.எஸ். 467). 2 ஆண்டு 10 ஆண்டாவது இப்படித்தான். தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க விடும்படி கேட்கும் இந்த ஒரு கோரிக்கை மனுவில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பி.டி. வாரண்டில் (ஏற்கெனவே சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் ஆணை) கைது காட்டப்படாத வழக்கில், விசாரணைக்காலத்தில் சிறையில் இருந்த நாட்கள் தண்டனையில் கழியாது என்பதால் ரிமாண்ட் தேதிகளையும் வழக்குவாரியாக எழுதிக் கொடுங்கள்.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடும் என்ற பயம் வேண்டாம். கைதி மட்டும் போட்ட மேல்முறையீட்டில் அதைக் கூட்ட முடியாது. தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவோடு, எந்த மருத்துவமனையில், யார் பொறுப்பில் சிகிச்சை தொடரும் என்ற உறவினரின் உறுதிமொழியும் இணைந்திருந்தால் நல்லது. ஜாமீன் கிடைக்காவிட்டாலும், சிறையின் மனநலப் பிரிவுக்கு மாற்ற மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103-வது பிரிவைச் சொல்லிக் கேட்கலாம். அதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.