சைபர் பாதுகாப்புத் தலைவரைத் தேடித்தரும் சேவை: எதற்குக் காசு கொடுக்கலாம்?

புராடக்ட், தொழில்நுட்பம் இரண்டையும் பார்க்கும் தலைவர் வேண்டுமென்றால், சிங்கப்பூரில் சைபர் பாதுகாப்பு நிறுவனங்கள் பல ரிட்டெய்னர் முறை ஏஜென்சியையே (ஆள் கிடைக்குமுன்பே கட்டணம் வாங்கத் தொடங்கித் தேடுகிறவர்கள்) நாடுகின்றன. கட்டணம் வழக்கமாக முதலாண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று தவணையில். கொஞ்சநஞ்சப் பணமல்ல. ஆனால் இந்த மட்டத்து ஆட்கள் விளம்பரம் பார்த்து விண்ணப்பிப்பது அபூர்வம். அவர்களிடம் பேச்சுக் கொடுக்கும் வேலையை நல்ல ஏஜென்சி கச்சிதமாகச் செய்கிறது.

சொதப்புவது வடிகட்டலில். வங்கியில் தகவல் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரையும், பாதுகாப்பு மென்பொருளை உருவாக்கி விற்றவரையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். முன்னவர் வாங்கிப் பழகியவர். உங்களுக்கு வேண்டியது பின்னவர். ஆகவே கேள்விகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். தவறான எச்சரிக்கைகளை எப்படிக் குறைத்தார்? தன் மென்பொருளிலேயே ஓட்டை தெரிந்தபோது வாடிக்கையாளரிடம் எத்தனை மணி நேரத்தில் சொன்னார், ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் எப்போது போனது? எந்த அம்சத்தைக் கைவிட்டார், ஏன்? மழுப்புகிறவரை அங்கேயே விட்டுவிடலாம்.

வெளிநாட்டவர் என்றால் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி வேண்டும். நிலையான மாதச் சம்பளம் 22,500 சிங்கப்பூர் வெள்ளியைத் (டாலர்) தொட்டால், விண்ணப்பிக்குமுன் வேலையை 14 நாள் விளம்பரம் செய்வதிலிருந்தும், விண்ணப்பத்துக்குப் புள்ளி போடும் காம்பஸ் கணக்கிலிருந்தும் விலக்கு. வருடாந்தர போனஸையும் நிறுவனப் பங்குகளையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் கணக்கு தப்பும்.

உங்கள் நிறுவனம் ஊடுருவல் சோதனை (வாடிக்கையாளரின் அனுமதியோடு அவர் கணினி அமைப்பைத் தாக்கி ஓட்டை தேடும் சேவை) விற்கிறதா? 2022 முதல் அதற்கு உரிமம் கட்டாயம்; முக்கிய அதிகாரிகளின் தகுதியும் பார்க்கப்படும். வருகிறவரின் பின்னணியைக் கடைசித் தவணை கொடுக்குமுன் சரிபாருங்கள். ஆள் நிலைக்காவிட்டால் கட்டணமின்றி மாற்று ஆள் தேடித்தரும் உத்தரவாதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.