இணைய வணிக ஆய்வுப் போக்கை வரைய: ஸ்கோபஸா, வெப் ஆஃப் சயின்ஸா, ஓப்பன்அலெக்ஸா?

இணைய வணிக ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடம் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த மென்பொருள் என்றுதான். வோஸ்வியூவர், பிப்ளியோமெட்ரிக்ஸ் இரண்டும் இலவசம், எதை எடுத்தாலும் வேலை நடக்கும். படத்தையே மாற்றிவிடுவது, தரவை எங்கிருந்து எடுக்கிறோம், அதாவது ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் எந்தத் தரவுத்தளத்திலிருந்து என்பதுதான்.

வெப் ஆஃப் சயின்ஸில் மேற்கோள் விவரங்கள் சுத்தமாக இருக்கும். ஆனால் இந்தத் துறையில் கணிசமான பேர் கணினி அறிவியல்காரர்கள். பரிந்துரை அமைப்புகள், மோசடி கண்டறிதல் என்று அவர்கள் எழுதுவதில் பெரும்பங்கு மாநாட்டுக் கட்டுரையாக வரும். மாநாட்டுக் கட்டுரைகளுக்கு அங்கே தனி அட்டவணை (இண்டெக்ஸ்), உங்கள் கல்லூரி அதற்குச் சந்தா கட்டவில்லை என்றால் 'வாடிக்கையாளர் நம்பிக்கை', 'வாங்கும் எண்ணம்' என்று மேலாண்மைப் பக்கம் மட்டுமே வீங்கித் தெரியும். மேற்கோள் பட்டியலோடு இறக்கினால் ஒரு தடவைக்கு 500 பதிவுதான். அப்புறம் 'கீவேர்ட்ஸ் பிளஸ்' என்ற பகுதியைப் போக்கு பார்க்க எடுக்கவே வேண்டாம். அது ஆசிரியர் கொடுத்த சொல் இல்லை, அவர் மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் தலைப்புகளிலிருந்து கணினி எடுத்தது.

ஸ்கோபஸில் இதழும் மாநாடும் ஒரே தேடலில் வந்துவிடும். இந்தத் தலைப்புக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

சந்தாவே இல்லையா? ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அகடமிக் என்ற இலவசக் கட்டுரைத் தேடல் தளம் 2021 முடிவில் மூடப்பட, 2022 ஜனவரியில் வந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுக்கலாம். குறை என்னவென்றால், ஆசிரியர் தந்த குறிச்சொற்கள் கிடைக்காது, தலைப்பு வகைகளை இயந்திரமே ஒட்டுகிறது. தலைப்பிலிருந்தும் சுருக்கத்திலிருந்தும் நீங்களே சொற்களைப் பிரிக்க வேண்டும், வேலை கூடும்தான். கூகுள் ஸ்காலர் இதற்கு ஆகாது: ஒரு தேடலுக்கு 1000 முடிவோடு நின்றுவிடும், மொத்தமாக இறக்கவும் வழியில்லை.

எதில் எடுத்தாலும் 'இ-காமர்ஸ்', 'ஈகாமர்ஸ்', 'எலக்ட்ரானிக் காமர்ஸ்' மூன்றும் ஒரே பொருள் என்றாலும் படத்தில் மூன்று வட்டமாக நிற்கும். வோஸ்வியூவரின் சொல் மாற்றுக் கோப்பில் ஒரு நெடுவரிசையில் பழைய சொல், அடுத்ததில் மாற்றுச் சொல் என்று எழுதி ஒன்றாக்குங்கள்.

இன்னொன்று: இணை மேற்கோள் (பிற கட்டுரைகள் சேர்த்து மேற்கோள் காட்டும் கட்டுரைகளை இணைப்பது) படத்தில் டேவிஸின் 1989 தொழில்நுட்ப ஏற்புக் கட்டுரை மாதிரிப் பழைய தூண்கள்தான் பெரிதாகத் தெரியும், நேரலை விற்பனை மாதிரிப் புதிது அதில் தலைகாட்டாது. புதியதைப் பிடிக்க, ஒரே மூலங்களை மேற்கோள் காட்டும் கட்டுரைகளை இணைக்கும் நூலியல் பிணைப்பைப் போட்டுப் பாருங்கள்.