கோத்தகிரிப் பக்கம் மூன்று நாள் ஊர்த்திட்டப் பட்டறை: அட்டை மலை அருமை, நேரம்தான் சரியில்லை

இன்னும் இருபது வருடத்தில் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களே பேசி, அதை அட்டையிலும் மூங்கிலிலும் செய்து பார்க்கும் பட்டறை ஒன்றை ஒரு சிறு குழு கோத்தகிரி சுற்றுவட்டார ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) நடத்துகிறது. கூப்பிடலாமா என்று யோசிக்கும் ஊர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதல் நாள் அட்டை மலை, அதாவது ஊர் இருக்கும் மலைச்சரிவை அட்டை அடுக்குகளால் செய்யும் மாதிரி. அளவு 1:5000, அதாவது மாதிரியில் 1 செ.மீ. என்றால் தரையில் 50 மீட்டர். 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் வரைபடக் கோடு) என்றால் அடுக்குக்கு 4 மி.மீ. அட்டை கணக்காகப் பொருந்தும். 400 மீட்டர் ஏற்ற இறக்கம் உள்ள ஊருக்கு 20 அடுக்கு. கார்பன் தாள் வைத்துக் கோட்டைப் பதித்து, வெட்டி, ஒட்டுகிறார்கள். 3 பிளை (மூன்று தாள் அடுக்கு) அட்டை வாங்குவது சரியான முடிவு. தடித்த 5 பிளை போட்டால் சரிவெல்லாம் செங்குத்தாகத் தெரியும். வீடு கட்டக்கூடிய இடத்தையும் ‘இங்கே ஆகாது’ என்று ஒதுக்கிவிடுவார்கள். மைதாப் பசை மட்டும் வேண்டாம். மலை ஈரத்தில் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், ஃபெவிகால் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தேதி கொடுக்காதீர்கள்; கோத்தகிரிக்கு அதுதான் பெருமழை.

அடுத்து மாதிரியின் மேல் ஊரைக் குறிக்கிறார்கள். வீடு, ஊற்றுக்குக் குண்டூசி. பாதை, ஓடைக்கு நூல். தேயிலை, சோலை, சதுப்புக்குப் பெயிண்ட். நூலைப் பிடுங்கி மாற்றிக் கட்டலாம், காய்ந்த பெயிண்டில் யாரும் கைவைக்க மாட்டார்கள். அதனால் பெயிண்ட் கடைசியில்தான் வர வேண்டும். இவர்கள் முதல் நாள் மாலையே டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, பேச்சு அங்கேயே நின்றுபோகிறது.

இந்த மாதிரியை வைத்து எல்லைத் தகராறு தீர்க்க முடியாது என்பதைக் குழு முதலிலேயே சொல்லிவிடுவது நல்ல விஷயம். 1:50,000 வரைபடத்தைப் பத்து மடங்கு பெருக்கியதுதானே. அந்த மூல வரைபடத்தில் அரை மி.மீ. கோடு தரையில் 25 மீட்டர்.

இரண்டாம் நாள், எழுத்தாளர் ராபர்ட் யுங்க் பரப்பிய எதிர்காலப் பட்டறை முறை: குறை, கனவு, நடைமுறை. கனவு நேரத்தில் ‘முடியாது’ என்று சொல்லக் கூடாது. பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். ரோடு, லைட்டு, தண்ணித்தொட்டி என்று கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவாக மாறிவிடும். நடத்தும் அக்கா, “உங்க பேத்தி காலையில எழுந்ததும் முதல்ல எங்க போவா?” என்று கேட்கிறார். காட்டெருமைக்குப் பயப்படாமல் நடக்கும் பாதை, மறுபடி ஊறும் சதுப்பு என்று பதில்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

மூன்றாம் நாளுக்காகவே இவர்களைக் கூப்பிடலாம். மூங்கில், தார்ப்பாய், கயிறு கொண்டு பஸ் நிறுத்த நிழற்குடையை முழு அளவில் ரோட்டோரம் நிறுத்துகிறார்கள். பலகை 45 செ.மீ. உயரத்தில், உட்கார வசதியாக. தலையில் இலை மூட்டையோடு வந்த பெண்களுக்கு அது உதவவில்லை. குனிந்து இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். கயிற்றை அவிழ்த்து, தோள் உயரத்தில் இன்னொரு பலகை கட்டினார்கள். சுமைதாங்கி வந்துவிட்டது! வரைபடத்தில் அது இல்லவே இல்லை. 1980களில் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர்கள் வெறும் அட்டைப்பெட்டியை லேசர் பிரிண்டராக வைத்து வேலை செய்து பார்த்ததும் இதற்காகத்தான்: கான்கிரீட் போட்ட பிறகு அவிழ்க்கக் கயிறு இருக்காது.

பெரிய குறை நேரம். பத்து மணி முதல் நான்கு மணி வரை என்றால் இலை பறிக்கிறவர்கள் தோட்டத்தில் இருப்பார்கள். அட்டை மலையில் ஆண்கள் நடக்கும் பாதை மட்டும் ஏறுகிறது. விறகுப் பாதையும் துணி துவைக்கும் ஓடையும் மூன்றாம் நாள் மாலைதான் வந்தன, அதற்குள் பெயிண்ட் காய்ந்துவிட்டது. ஆறு மாலைகளாக, நாலரை முதல் ஏழு வரை பிரித்துத் தரச் சொல்லுங்கள். மாதிரி ஊரிலேயே இருக்க வேண்டும், எந்த நிறக் குண்டூசி எதைக் குறிக்கிறது என்ற குறிப்பின் நகலும் வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.